‘ரா காஸ்டிங்தானே, லைசென்ஸ் எதற்கு?’ – ராணுவ வாகன உதிரிபாகம் ஏற்றுமதி செய்யும் முன்

கேள்வி: கோவையில் சிறிய ஸ்டீல் பவுண்டரி நடத்துகிறேன். பம்ப், டிராக்டர் காஸ்டிங்குகள்தான் இதுவரை செய்துவந்தோம். இப்போது துபாயில் உள்ள ஒரு டிரேடர் டிராக் லிங்க் (சங்கிலிப் பட்டையில் ஓடும் வண்டியின் பட்டைக் கண்ணி) காஸ்டிங் கேட்கிறார். டிராயிங்கில் கவச வாகனத்துக்கு என்று போட்டிருக்கிறது. மெஷினிங்கை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம், நாங்கள் ரா காஸ்டிங் அனுப்பினால் போதும். 30 சதவீதம் அட்வான்ஸும் வந்துவிட்டது. ‘இது வெறும் வார்ப்பு, ஹெச்எஸ் கோடு ஃப்ரீ, ஒன்றும் தேவையில்லை’ என்கிறார் கிளியரிங் ஏஜெண்ட். ‘ஸ்கோமெட் லைசென்ஸ் வேண்டும், டெல்லியில் ஆள் இருக்கிறது, மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள், பதினைந்து நாளில் முடித்துத் தருகிறேன்’ என்கிறார் ஒரு கன்சல்டன்ட். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் காஸ்டிங்குக்கு ஏற்றுமதி அனுமதி தேவை. அதைத் தரவேண்டியது பாதுகாப்பு அமைச்சகத்தின் பாதுகாப்பு உற்பத்தித் துறை. விண்ணப்பத்தை உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் ஐஇசி (ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு) எண்ணை வைத்து, நீங்களே ஆன்லைனில் போடலாம். அனுமதி கைக்கு வரும்வரை ஒரு சாம்பிள் பீஸைக்கூட கூரியரில் அனுப்பாதீர்கள்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆயுதம், ராணுவத் தளவாடம், அணு, ரசாயனம், ஏவுகணை சம்பந்தப்பட்ட பொருட்கள், ராணுவத்துக்கும் சிவில் துறைக்கும் பொதுவான நுட்பமான கருவிகள் எல்லாம் சேர்ந்த கட்டுப்பாட்டுப் பட்டியல் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. அதைத்தான் ஸ்கோமெட் என்கிறார்கள். 1992-ம் ஆண்டின் அந்நிய வர்த்தகச் சட்டத்தின் கீழ் அது அமலாகிறது. அந்தப் பட்டியலின் 6-ம் பிரிவு ராணுவத் தளவாடங்களுக்கானது. 2017-ல் அந்தப் பிரிவு முழு வடிவம் பெற்றது, அதே ஆண்டு டிசம்பரில் வாசெனார் என்ற சர்வதேச ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் இந்தியா சேர்ந்தது. உங்களுக்கு வேண்டியது 6-ம் பிரிவில் இரண்டே வரிகள். 6ஏ006 என்ற எண்ணில் ராணுவத்துக்கென்றே வடிவமைத்த அல்லது மாற்றியமைத்த தரை வாகனங்களும் அவற்றின் பாகங்களும் வருகின்றன. 6ஏ016 என்ற எண்ணில், அப்படிப்பட்ட பொருட்களுக்கென்றே வடிவமைக்கப்பட்ட ஃபோர்ஜிங், காஸ்டிங், இன்னும் முடிக்கப்படாத மற்ற பாகங்கள் வருகின்றன.

அதாவது உங்கள் ஏஜெண்ட் எந்தக் காரணத்தைச் சொல்லி ‘தேவையில்லை’ என்கிறாரோ, அந்தக் காரணத்தையே பட்டியல் பெயர் சொல்லிப் பிடித்துவைத்திருக்கிறது. மெஷினிங் ஆகவில்லை, ஓட்டை போடவில்லை, ஹீட் ட்ரீட்மென்ட் மிச்சமிருக்கிறது என்பதெல்லாம் உங்களைக் காப்பாற்றாது. வடிவத்தையும் உலோகக் கலவையையும் பார்த்தால் இது டிராக் லிங்க் என்று தெரிகிறதா? தெரிந்தால் போதும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். கொங்குப் பகுதியில் பாதிப் பட்டறைகள் இதில் மாட்டியிருப்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். 2014-ல் மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாதுகாப்புத் தளவாடங்களில் எவற்றை உற்பத்தி செய்யத் தொழில் உரிமம் தேவை என்ற பட்டியல் அது. பெரும்பாலான உதிரிபாகங்கள், காஸ்டிங், ஃபோர்ஜிங், உற்பத்தி இயந்திரங்கள், சோதனைக் கருவிகள் எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டன. சிறு தொழிலுக்கு அது நல்ல காரியம். ஆனால் அது உற்பத்திக்கான விலக்கு. ஆலைக்குள் வார்ப்பதற்கு உரிமம் வேண்டாம் என்றது அரசு, நாட்டை விட்டு வெளியே அனுப்பவும் வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை. இரண்டும் வேறு சட்டம், வேறு இலாகா. கருத்தரங்குகளில் ‘பாகங்களுக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்டவர்கள் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு கண்டெய்னர் ஏற்றுகிறார்கள்.

ஹெச்எஸ் கோடு விஷயமும் இப்படித்தான். அது சுங்க வரிக்கான வகைப்பாடு. ஸ்கோமெட் பட்டியல் பொருளின் தன்மையையும் வடிவமைப்பின் நோக்கத்தையும் பார்க்கிறது. ஒரே ஹெச்எஸ் கோடில் சாதாரணப் பாகமும் இருக்கலாம், கட்டுப்பாட்டுக்குள் வரும் பாகமும் இருக்கலாம். கோடு ‘ஃப்ரீ’ என்பதால் பொருளும் ஃப்ரீ ஆகிவிடாது. ஷிப்பிங் பில்லில் உறுதிமொழி கொடுப்பது ஏற்றுமதியாளரான நீங்கள். பிடிபட்டால் நோட்டீஸ் உங்கள் பவுண்டரி முகவரிக்கு வரும், ஏஜெண்டின் ஆபீசுக்கு வராது. முதல் குற்றத்துக்கே 3 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சரக்கு பறிமுதல், ஐஇசி முடக்கம் தனி. ஐஇசி முடங்கினால் உங்கள் பம்ப் காஸ்டிங் ஏற்றுமதியும் அன்றோடு நின்றுவிடும்.

அப்படியானால் ராணுவம் வாங்கும் எல்லாமே கட்டுப்பாட்டுக்குள் வருமா? வராது. இந்த ஒரு விலக்கை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், இதில்தான் நல்லவர்களும் தவறு செய்கிறார்கள். முக்கியமான சொற்கள் ‘அதற்கென்றே வடிவமைத்த’ என்பவை. நீங்கள் பத்து வருடமாக ஒரு லாரி கம்பெனிக்கு ஒரு பிரேக் டிரம் கொடுத்துவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே டிரம், அதே பார்ட் நம்பர், அதே டிராயிங். இதை வெளிநாட்டு ராணுவப் பணிமனை ஒன்று தன் லாரிகளுக்கு வாங்கினாலும் அது லாரி டிரம்தான். வாங்குபவர் சீருடை போட்டிருப்பதால் பொருள் தளவாடம் ஆகிவிடாது. ஆனால் அதே வாடிக்கையாளர், ‘கவச வண்டி எடை கூடுதல், ஃபிளேஞ்சை நான்கு மில்லிமீட்டர் தடிமனாக்குங்கள், போல்ட் ஓட்டை இரண்டு கூட்டுங்கள்’ என்று புது ரிவிஷன் டிராயிங் அனுப்பினால் கதை மாறிவிடும். அந்த ரிவிஷன் யாருக்காக, எதற்காக வந்தது என்பதே கேள்வி. ராணுவ வாகனத்துக்காக மட்டும் என்றால் அது 6-ம் பிரிவுக்குள் போய்விடும். இன்னொரு நிலையும் உண்டு. கவச வாகனத்தில் போடும் சாதாரண போல்ட், சந்தையில் எவரும் வாங்கும் பேரிங் போன்றவை. இவை எந்த வண்டியில் போய் உட்கார்ந்தாலும் பொதுப் பொருட்களே. ஆகவே மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதே பாகத்தைச் சிவில் வாடிக்கையாளருக்கு விற்றிருக்கிறேனா? இந்த டிராயிங்கின் முதல் நோக்கம் என்ன? ராணுவத்துக்காக எதையாவது மாற்றினேனா? பதில்களுக்கு ஆதாரமாக டிராயிங், பழைய இன்வாய்ஸ், மெயில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். உங்கள் டிராக் லிங்க் விஷயத்தில் டிராயிங்கே கவச வாகனம் என்று எழுதிவைத்திருப்பதால் இந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்காது.

இப்போது துபாய் டிரேடருக்கு வருவோம். எனக்கு லைசென்ஸைவிடப் பெரிய கவலை இவர்தான். அவர் கவச வண்டி ஓட்டப்போவதில்லை. காஸ்டிங்கை வாங்கி மெஷினிங் செய்யும் ஆலை எது, வண்டியைக் கட்டுவது யார், கடைசியில் எந்த நாட்டுப் படையிடம் போகிறது? இறுதிப் பயனாளர் சான்றிதழ் என்று அரசு கேட்பது இதைத்தான். முழு ஆயுதமென்றால் அந்த நாட்டு அரசே கையெழுத்திட வேண்டிவரும். பாகங்களுக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் நிறுவனத்தின் சான்று போதும். ஆனால் டிரேடர் தன் லெட்டர்ஹெட்டில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவது இறுதிப் பயனாளர் சான்று ஆகாது. ‘என் வாடிக்கையாளர் யார் என்பது வியாபார ரகசியம்’ என்று அவர் மழுப்பினால் அந்த ஆர்டரை விட்டுவிடுங்கள். விலையைச் சந்தையைவிடக் கூட்டித் தருகிறார், பில்லில் ‘ஆட்டோ பார்ட்ஸ்’ என்று போடச் சொல்கிறார், சரக்கை இரண்டு மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொல்கிறார், பணம் வேறொரு கம்பெனிக் கணக்கிலிருந்து வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இந்தியச் சட்டத்தை மீறாமலேயே ஒருவர் சிக்கலில் மாட்டவும் முடியும். 2024 அக்டோபர் இறுதியில் ரஷ்யாவுக்குப் பொருள் போனதாகச் சொல்லி அமெரிக்கா சுமார் 400 நிறுவனங்கள், நபர்கள் மீது தடை விதித்தபோது, அதில் 19 இந்திய நிறுவனங்களும் இருந்தன. அவை இந்தியச் சட்டத்தை மீறவில்லை என்று நம் வெளியுறவு அமைச்சகம் சொன்னது. ஆனாலும் அந்தப் பட்டியலில் பெயர் வந்துவிட்டால் டாலரில் பணம் வாங்குவது பெரும்பாடு. சரக்கு கடைசியில் எங்கே போகிறது என்று தெரியாத ஆர்டரைத் தொடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கன்சல்டன்ட் பற்றி. நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பொருளை வகைப்படுத்தவும் டிராயிங்கைப் படித்துத் தொழில்நுட்ப விவரம் எழுதவும் அவர்களுக்குக் கூலி கொடுப்பதில் தவறில்லை. ‘டெல்லியில் ஆள் இருக்கிறது’ என்பவர் அந்த வகை இல்லை. அனுமதி ஒரு மேசையில் முடிவதில்லை. தேவைப்பட்டால் வெளியுறவு அமைச்சகம் உள்பட மற்ற இடங்களிலும் கருத்துக் கேட்கிறார்கள். பதினைந்து நாள் என்று யாராலும் உறுதி தர முடியாது. இதைவிட மோசமான ரகமும் உண்டு: உங்கள் டிஜிட்டல் கையெழுத்தையும் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டு, விண்ணப்பத்தில் ‘சிவில் பயன்பாடு’ என்று எழுதிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து விளக்கம் கேட்டு கடிதம் வரும்போது அவர்கள் ஃபோன் எடுக்கமாட்டார்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இந்த ஆட்கள் பிழைப்பதற்கு அரசும் ஒரு காரணம், இதைச் சொல்லாமல் விட முடியாது. 2013-14-ல் 686 கோடி ரூபாயாக இருந்த பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25-ல் 23,622 கோடியாகிவிட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கிறார்கள். மகிழ்ச்சிதான். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்று தமிழ்நாட்டுக்குப் பாதுகாப்புத் தொழில் வழித்தடமும் தந்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஊர்ப் பட்டறைக்காரருக்குப் புரியும் தமிழில் ஸ்கோமெட் பட்டியலை விளக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? கோவையிலேயே டிஜிஎஃப்டி (அந்நிய வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) மண்டல அலுவலகம் உண்டு, ஆனால் இந்த அனுமதிகள் தில்லியில்தான் முடிவாகின்றன. சில பொருட்களுக்கு டிஜிஎஃப்டி, ராணுவப் பிரிவுக்கு பாதுகாப்பு உற்பத்தித் துறை, அணு சம்பந்தப்பட்டதற்கு அணுசக்தித் துறை. தவறான கதவைத் தட்டினால் சரியான கதவைக் காட்டவே வாரக்கணக்கில் ஆகிறது. ஒரு கேள்விக்குப் பதில் அனுப்பினால் இரண்டாவது கேள்வி வரும், அதற்குப் பதில் போனபின் மூன்றாவது. மூன்றையும் முதல் நாளே கேட்டால் என்ன? பெரிய கம்பெனிக்கு இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. இருபது பேர் வேலை செய்யும் பவுண்டரியில் முதலாளியே ஃபர்னஸையும் பார்க்கவேண்டும், போர்ட்டலையும் பார்க்கவேண்டும்.

குறிப்பிட்ட நாடுகளுக்குப் பாகங்கள் அனுப்ப, ஒவ்வொரு முறையும் தனி அனுமதி கேட்காமல் ஒரே பொது உரிமத்தில் அனுப்பும் வசதி 2019-ல் வந்தது. தொடங்கியபோது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜப்பான் உள்ளிட்ட 13 நாடுகள் அதில் இருந்தன, அமீரகம் இல்லை. இப்போது அமீரகம் அதில் இருக்கிறதா என்று பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் உங்களுக்குத் தனி அனுமதிதான் வழி. பின்னாளில் அதே பாகம், அதே நிறுவனத்துக்கு என்று மறு ஆர்டர் வந்தால் நடைமுறை எளிதாகும்.

டிராயிங்கை இன்னொரு முறை எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். அமெரிக்க ஆயுத ஏற்றுமதி விதிகளான ஐடார் பற்றிய எச்சரிக்கை சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறதா? இருந்தால், அந்த டிராயிங் உங்களிடம் வந்ததற்கே அமெரிக்க அனுமதி இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று டிரேடரிடம் எழுத்தில் கேளுங்கள். அதைப் பேட்டர்ன் செய்பவருக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். நம் சட்டத்திலும் தொழில்நுட்பத்தை மெயிலில் வெளிநாட்டுக்கு அனுப்புவது ஏற்றுமதியே. நீங்கள் திருத்திய ராணுவ டிராயிங்கைத் திருப்பி அனுப்பும் முன்பும் இதை நினைவில் வையுங்கள்.

இந்த வாரமே டிரேடருக்கு மெயில் போடுங்கள்: இறுதிப் பயனாளரின் பெயர், முகவரி, ஒப்பந்த நகல், பயன்பாட்டுச் சான்று வேண்டும், அரசு அனுமதி கிடைத்த நாளிலிருந்தே டெலிவரிக் கெடு தொடங்கும். ஒப்பந்தத்தில் ‘அனுமதி மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும், அபராதம் இல்லை’ என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் ஏற்றுமதித் தளத்தில் பதிவு செய்து, பொருளின் விவரத்தை உள்ளது உள்ளபடி, கவச வாகனம் என்றே எழுதி விண்ணப்பியுங்கள். பதில் வரும்வரை பேட்டர்ன் வேலையைத் தொடங்கலாம், வார்த்தும் வைக்கலாம். ஆனால் அட்வான்ஸ் பணத்தைச் செலவழிக்காதீர்கள். வங்கியிடம் நிலைமையை இப்போதே சொல்லிவைத்தால், திருப்பி அனுப்ப நேர்ந்தாலும் சிக்கல் குறையும். இந்த ஆர்டர் சம்பந்தப்பட்ட எல்லாக் காகிதமும் மெயிலும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கட்டும், ஏஜெண்டின் பீரோவில் வேண்டாம்.