அரையாண்டு என்றால் எந்த மாதம்?

கேள்வி: 'அரையாண்டு' என்பது ஜூனா, செப்டம்பரா, டிசம்பரா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆண்டின் நடுப்பகுதி என்ற பொருளில் அதை எழுதலாமா?

பதில்: மூன்றும் சரிதான், எந்த ஆண்டைச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளி ஜூனில் திறப்பதால் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வருகிறது. நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குவதால் கணக்கு எழுதுகிறவர்களுக்கு செப்டம்பர் 30-ஓடு அரையாண்டு முடிந்துவிடும், சொத்து வரி ரசீதில் முதல் அரையாண்டு, இரண்டாம் அரையாண்டு என்று இருப்பதும் இந்தக் கணக்குப்படிதான். ஜனவரியிலிருந்து எண்ணினால் ஜூன் 30.

இரண்டாவது கேள்விக்கு, எழுத வேண்டாம் என்பேன். அரை என்பது அளவு, நடு என்பது இடம். 'அரையாண்டு வெளியூரில் இருந்தார்' என்றால் ஆறு மாதம் இருந்தார், அவ்வளவுதான், அது எந்த ஆறு மாதமாகவும் இருக்கலாம். நடுவைச் சொல்ல 'ஆண்டின் நடுவில்' என்றே எழுதுங்கள். சிலர் 'நடுவாண்டு' என்று சேர்த்து எழுதுகிறார்கள், நடுப்பகல் இருக்கும்போது இது ஏன் கூடாது என்று கேட்கலாம்தான். ஆனால் நடுவிரல் என்றால் விரலின் நடுப்பகுதி இல்லையே, விரல்களில் நடுவில் இருப்பது. அதே மாதிரி ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிய கட்டுரையில் 'நடுவாண்டு' என்று வந்தால் மூன்றாம் ஆண்டு என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

சரி, நடுநாள் எது? 365 நாள் ஆண்டில் ஜூலை 2. அதற்கு முன்னால் 182 நாள், பின்னால் 182 நாள். லீப் ஆண்டில் நடுநாளே கிடையாது, ஜூலை 1 முடிந்து 2 பிறக்கும் நள்ளிரவுதான் நடு.

தமிழ் ஆண்டில் இது இன்னும் சுவாரசியம். சித்திரை முதல் புரட்டாசி வரை ஆறு மாதம், ஐப்பசி முதல் பங்குனி வரை ஆறு மாதம், ஆனால் முதல் பாதி ஏறத்தாழ 187 நாள், அடுத்த பாதி 178 நாள்தான். நம் மாதங்கள் சூரியன் ராசி மாறுவதை வைத்து வருவதால் இப்படி ஆகிறது: ஜூலை தொடக்கத்தில் பூமி சூரியனிடமிருந்து மிகத் தள்ளி, மெதுவாகப் போகிறது, அதனால் ஆனியும் ஆடியும் நீள்கின்றன, மார்கழி சுருங்கிவிடுகிறது. மாதக் கணக்கில் ஆண்டை இரண்டாக வெட்டும் இடம் ஐப்பசி முதல் நாள், அதற்கு ஐப்பசி விசு என்று பழைய பெயரே இருக்கிறது.