ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் 65 அங்குல டிவி: ஓஎல்இடியா, மினி எல்இடியா?

இப்போதைய டிவி மங்கலாகத் தெரிகிறது, ஜன்னலுக்கு எதிரே மாட்ட இந்த இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மினி எல்இடி (திரைக்குப் பின்னால் நிறையச் சின்னஞ்சிறு விளக்குகள் உள்ள டிவி) எடுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிரே, அதுவும் பகலில்தான் அதிகம் பார்ப்போம் என்கிறீர்களே, அந்த இடத்துக்கு ஓஎல்இடி (திரையின் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் டிவி) வேண்டாம். மைதானம், பனிமலை மாதிரி திரை முழுக்க வெளிச்சமான காட்சிகளில் அது தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். விளம்பரத்தில் போடும் நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) கணக்கு பெரும்பாலும் திரையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும்தான். முழுத்திரைக்கான எண்ணைத் தேடிப் பாருங்கள்.

இப்போதைய டிவி மங்கலாகத் தெரியப் பிரதிபலிப்பே காரணமாக இருக்கலாம். பகலில் டிவியை அணைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து திரையைப் பாருங்கள். ஜன்னல் அப்படியே அதில் தெரிந்தால், முதலில் பக்கச்சுவருக்கு மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

அப்புறம், பல மினி எல்இடிகளில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். கடையில் ஓரமாக நின்றும் பார்த்துவிடுங்கள்.