கதவுக்குள் நெய்த பாய்

அன்புள்ள ஐயா,

இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். மாத்தளையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை முடிந்ததும் கூடத்துச் சுவரில், கண்டிப் பக்கம் நாரால் நெய்யும் தும்பறைப் பாய் ஒன்றை மாட்டி, அவர் வழியைப் பின்பற்றலாம் என நினைக்கிறேன். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவை விட அவர் பெரிய கலைஞரா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாவா கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல். மினெட் கண்டியில் கருணாரத்ன வீட்டை 1951இலேயே கட்டி முடித்துவிட்டார். யார் பெரியவர் என்ற பேச்சை இத்துடன் விட்டுவிடுவோம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'வேலை முடிந்ததும் மாட்டி' என்ற சொற்கள்தான்.

அந்த வீட்டில் தும்பறைப் பாய் சுவரில் தொங்கவில்லை. கதவுச் சட்டத்துக்குள் பலகை இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. சுடுமண் ஓடுகளும் அரக்கு வேலையும் ஓவியர் ஜோர்ஜ் கீட்டின் சுவரோவியமும் அவ்வாறே வீட்டோடு சேர்ந்து பிறந்தவை. மினெட்டைப் பழமைவாதி என்று எண்ணிவிடாதீர்கள். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் சேர்ந்த முதல் ஆசியப் பெண் அவர். நவீனக் கட்டடக் கலையின் முன்னோடி லு கொர்பூசியேயின் நண்பர். கொங்கிரீட்டைத் தயங்காமல் கையாண்டவர். அந்தக் கொங்கிரீட்டுக்குப் பக்கத்திலேயே நெசவாளருக்கும் அரக்குத் தொழிலாளருக்கும் வேலை இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கலையை அலங்காரமாக்கினால் செலவைக் குறைக்கும்போது முதலில் கழிக்கப்படுவது அதுதான். கதவாக்கிவிட்டால் யாரால் கழிக்க முடியும்?

பல ஆண்டுகளுக்கு முன்னர் கண்டிக்கு அருகே பாய் நெய்யும் அம்மா ஒருவரின் திண்ணையில் அரைநாள் அமர்ந்திருந்தேன். நார் எடுக்கும் மருள் செடியின் இலையைக் கட்டையின் மேல் வைத்துப் பச்சைச் சதையை அவர் வழித்து நீக்க, வெளிறிய நார் மட்டும் கையில் மிஞ்சியது. "வாங்குகிறவர்கள் சுருட்டிக்கொண்டு போகிறார்கள், எங்கே விரிக்கிறார்களோ தெரியாது" என்றார். அன்று வாங்கிய பாயை நானும் ஆணியடித்துச் சுவரில்தான் மாட்டினேன். இன்றும் அதைப் பார்க்கும்போது மனம் கூசுகிறது. ஆகவே என் கோபம் உங்கள் மேல் மட்டுமல்ல, தம்பி.

மினெட்டுக்கு இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது 1996இல். 1998இல் கண்டியில் மறைந்தார். அவர் கட்டியவற்றில் பல இன்று இல்லை.

உங்கள் வீட்டில் கதவு வேலை இன்னும் தொடங்கவில்லையென்றால், தச்சர் மரத்தை அறுக்கும் முன்பே சட்டத்தின் அளவை எடுத்துக்கொண்டு நெசவாளரிடம் போங்கள். மழைச் சாரல் படாத உட்கதவாகத் தேர்ந்தெடுங்கள். கூலியைப் பேரம் பேசாதீர்கள்.