பம்ப் ஓடுகிறது, ஆனால் ஹீட்டர் எரியவில்லை

வணக்கம். வெந்நீரைக் குழாய்களில் சுற்றவிடும் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆனால் ஹீட்டர் எரியவில்லை, மாடிக் குளியலறைக்கு வெந்நீர் வர 3 நிமிடம் ஆகிறது என்கிறீர்கள். தண்ணீர் ஹீட்டருக்குத் திரும்பத் தனியாக ரிட்டர்ன் குழாய் கிடையாது, வாஷ்பேசினுக்குக் கீழே வெந்நீர்க் குழாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் இணைக்கும் கிராஸ்ஓவர் வால்வுதான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அப்படியானால் ஹீட்டரைப் பிரிக்க அவசரப்படாதீர்கள்.

முதலில் அந்த மாடிக் குழாயிலேயே வெந்நீரை முழுதாகத் திறந்து பாருங்கள். ஹீட்டர் உடனே பற்றிக்கொண்டால் பர்னர் நன்றாகத்தான் இருக்கிறது. சுழற்சியில் வரும் தண்ணீர்தான் போதவில்லை. டேங்க்லெஸ் ஹீட்டர் (தொட்டியில் சேமிக்காமல், ஓடும் தண்ணீரை அப்போதே சூடாக்கும் வகை) எரிய நிமிடத்துக்குச் சுமார் அரை கேலன், அதாவது ஏறத்தாழ 2 லிட்டராவது உள்ளே ஓட வேண்டும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். அதற்குக் கீழே போனால் பம்ப் எவ்வளவு நேரம் ஓடினாலும் பச்சைத் தண்ணீரே சுற்றும்.

எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. பேசினுக்குக் கீழே இரண்டு அடைப்பு வால்வுகளையும் மூடிவிட்டு, கிராஸ்ஓவர் வால்வைக் கழற்றினேன். உள்ளே இருந்த சின்னச் சல்லடையில் ரவை மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புத் துகள்கள் அடைத்திருந்தன. வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து மாட்டினேன். அன்றைக்கே சரியாகிவிட்டது.

அப்புறம் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் ஃபில்டரையும் கழுவுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் வால்வை மூடி, சூடு ஆறிய பிறகு மட்டும் கழற்றுங்கள். இவ்வளவும் செய்தும் எரியவில்லை என்றால் பம்பின் வேகம் எந்த அளவில் இருக்கிறது என்று எழுதுங்கள், பார்க்கலாம்.