லண்டனைத் தாண்டி இங்கிலாந்தில் எங்கே போகலாம்?

லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது, கூட்டம் அலைமோதாத, இயற்கையும் வரலாறும் சேர்ந்த ஒரு பகுதியைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் நார்தம்பர்லாந்து.

ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி, இங்கிலாந்தின் வடகோடியில் இருக்கிறது. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயில் இதன் வழியாகத்தான் ஓடுகிறது. பலரும் ஜன்னலில் கடலைப் பார்த்துவிட்டு, இறங்காமலே போய்விடுகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கி.பி. 122இல் ஹேட்ரியன் என்ற ரோமப் பேரரசர் கட்டத் தொடங்கிய சுவர், கிழக்கே டைன் ஆற்றங்கரையில் தொடங்கி மேற்குக் கடலோரம் வரை 117 கிலோமீட்டர் நீள்கிறது. பல இடங்களில் கல்லைப் பெயர்த்து வீடும் வேலியும் கட்டிக்கொண்டார்கள். ஆனால் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையை ஒட்டிய பகுதியில் சுவர் இன்னும் செங்குத்துப் பாறை முகட்டின் மேல் ஏறி இறங்கிப் போகிறது. வடக்கே வெட்டவெளி, புல், ஆடுகள், ஓயாத காற்று. அந்தக் கோட்டையில் சிப்பாய்களின் பொதுக் கழிப்பறைகூட, தண்ணீர் ஓடிய கல் வாய்க்காலோடு அப்படியே கிடக்கிறது.

பக்கத்தில் உள்ள விண்டோலாண்டாவைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். சுவர் கட்டுவதற்கும் முந்திய முகாம் அது. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் புதைந்திருந்ததால் தோல் செருப்புகள் ஆயிரக்கணக்கில் மக்காமல் கிடைத்தன. 1973இல் மெல்லிய மரச் சீவல்களில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைக்க ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அஞ்சலட்டை அளவுதான். ஒன்றில், கி.பி. 100 வாக்கில், கிளாடியா செவேரா என்ற பெண் தன் பிறந்தநாளுக்குத் தோழி லெபிடினாவைக் கூப்பிடுகிறாள். கடிதத்தை எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைசி வரிகள் மட்டும் அவள் கைப்பட எழுதியவை, எழுத்து கொஞ்சம் கோணல்மாணலாக இருக்கிறது. பெண் ஒருத்தி கைப்பட எழுதி இன்றுவரை கிடைத்த மிகப் பழைய லத்தீன் எழுத்துகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு பலகை ஒரு கணக்குச் சீட்டு. கம்பாக்ஸ் என்ற சிப்பாயின் பெயருக்கு எதிரே மிளகு, இரண்டு தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) என்று இருக்கிறது. அன்று ரோமுக்கு மிளகு முக்கியமாக முசிறி முதலான மேற்குக்கரைத் துறைமுகங்களிலிருந்துதான் போனது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களை அகநானூறு பாடுகிறது. சேரநாட்டுக் கொடியில் காய்த்தது இந்தக் குளிருக்குள் ஒரு சிப்பாயின் சட்டிவரை வந்திருக்கிறது! அதை நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பலகைகளில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சிலவற்றை இங்கேயே பார்க்கலாம்.

அப்புறம் கடற்கரை. லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை ஒரு நாளில் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கிவிடும். 635இல் எய்டன் என்ற துறவி மடம் நிறுவிய இடம் இது. 793இல் வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடற்கொள்ளையர்கள் வந்து சூறையாடினார்கள். கடக்கும் நேர அட்டவணையைப் பார்க்காமல் காரை இறக்காதீர்கள். நடுவழியில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஏறித் தப்பிக்க உயரமான கால்களின் மேல் ஒரு மரக்கூண்டே கட்டி வைத்திருக்கிறார்கள். முடிந்தால் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். தண்ணீர் ஏறுவதற்குள் பகல் கூட்டம் கிளம்பிவிடும், அதற்குப் பிறகு தீவு உங்களுடையது.

பாம்பரோ கோட்டையைக் கீழே மணலில் நின்று பாருங்கள், உள்ளே போவதைவிட அதுவே அழகு. கிராஸ்டரில் ஓக் மரத்தூள் புகையில் வாட்டிய ஹெர்ரிங் மீன் கிடைக்கும். நம் கருவாடு பிடித்தவர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். பஃபின் பறவைகளைப் பார்க்க மே முதல் ஜூலை நடுவரை சரியான காலம். சீஹவுஸஸிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு போகிறது.

சரி, கார் இல்லையென்றால்? சுவரை ஒட்டி ஏடி122 என்ற பேருந்து ஓடுகிறது. சுவர் தொடங்கிய ஆண்டுதான் அதன் எண். குளிர்காலத்தில் வண்டி குறைவு, அதனால் கோடையில் போவது நல்லது. ஜூலையிலும் காற்றுக்குத் தாங்கும் ஜாக்கெட் வேண்டும். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு விண்டோலாண்டாவுக்கே போங்கள்.