சுண்ணாம்பு பூசாக் கலம்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் வங்கி வேலை எனக்கு. தினம் ஒரு கவிதை என்று வைராக்கியமாக ஆரம்பித்தேன். வாட்ஸப் குழுவில் காலையில் ஒரு தலைப்பு வரும்: மழை, நிலா, மௌனம், அம்மா. இப்போது எந்தத் தலைப்பைப் பார்த்தாலும் முன்பு எழுதியதே திரும்ப வருகிறது. தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். தூண்டுதலை எங்கே தேடுவது? எழுத நல்ல நேரம் காலையா, இரவா? நோட்டில் எழுதுவதா, போனிலா?

அன்புள்ள தம்பி,

காலையோ இரவோ, நோட்டோ போனோ, உன் இஷ்டம். குறுக்குத்துறையில் சும்மா உட்கார்ந்தால் கால்தான் நனையும். உனக்குக் கவிதை கொடுப்பதா ஆற்றுக்கு வேலை?

கோபமெல்லாம் உன் குழுவின் மேல்தான். இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், உன் கடிதம் வந்தது. ‘மழை’ என்று சொன்ன உடனே மழையைப் பற்றி எல்லாரும் சொல்லித் தீர்த்ததுதான் முதலில் கைக்கு வரும். நம் புலவர் சபைகளில் ஈற்றடி, அதாவது கடைசி அடி, கொடுத்துப் பாடச் சொல்வார்கள். ‘பாரதி சின்னப் பயல்’ கதை உனக்கும் தெரிந்திருக்கும், அதை விடு. ஈற்றடி எப்படி வேலை செய்கிறது என்று பார்.

தினம் ஒரு குறள் வெண்பா, திருக்குறள் மாதிரி இரண்டடி, போதும். முதலடி நாலு சீர், ஈற்றடி மூன்று சீர்; சீர் என்றால் அடியில் பிரித்து எழுதும் ஒவ்வொரு துண்டு. ஈற்றடியை முதலில் எழுது. அதில் ஒரு பொருள் இருக்க வேண்டும், அதில் ஏதோ ஒன்று நடந்திருக்க வேண்டும் அல்லது நடக்காமல் போயிருக்க வேண்டும். திசையன்விளைப் பக்கம் பங்குனி, சித்திரையில் போனால் பதனீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதைப் பார்க்கலாம். தடவாவிட்டால் நுரைத்துக் கள்ளாகிவிடும். ‘சுண்ணாம்பு பூசாக் கலம்.’ சீர்களின் பெயர் தேமாங்காய், தேமா, மலர். தளை, அதாவது சீரும் சீரும் சேரும் கட்டு, சரி.

இனி பின்னோக்கிப் போ. ‘சுண்’ நேரசை, மெய்யை விட்டால் ஓரெழுத்து; இரண்டெழுத்தானால் நிரையசை. அதனால் முதலடியின் கடைசிச் சீர் விளமாகவோ (நிரையில் முடியும் ஈரசை) காயாகவோ (நேரில் முடியும் மூவசை) தான் இருக்க முடியும். ‘மறந்தால்’ என்று சுலபமாக முடித்துவிட முடியாது, அது புளிமா; மா என்றால் நேரில் முடியும் ஈரசை, அதன் பின்னால் நேர் வராது. எதுகைக்கு இரண்டாம் எழுத்து ண் வேண்டும்: கண், மண், பெண், எண்ணெய், கிண்ணம், திண்ணை. கை ‘பெண்ணே’ பக்கம் போகும், போக விடாதே. திண்ணையை எடு. திண்ணை வந்தால் ஆள் வருவான், ஆள் வந்தால் பேச்சு.

திண்ணையில் பேச்சு வளர்ந்த பொழுதெல்லாம்
சுண்ணாம்பு பூசாக் கலம்.

பெரிய கவிதை இல்லைதான். ஆனால் அந்த வீட்டில் வேலை கிடக்கிறது, பேச்சு புளிக்கிறது, சாயங்காலம் யாரோ யாரையோ திட்டப் போகிறார்கள். ‘மௌனம்’ என்ற தலைப்பு உனக்கு இதைக் கொடுத்திருக்குமா? எதுகையும் தளையும் சேர்ந்து உன்னை வழக்கமான சொல்லிடமிருந்து விரட்டியதால் கிடைத்தது இது.

கெடுவது எங்கே? ‘நெஞ்சம் நனைக்கும் நிலா’ என்று ஈற்றடி வைப்பார்கள். தளை தட்டாது, கேட்க ஒரு கேள்வியும் இருக்காது. அடுத்தது, சீர் நிரப்ப ‘தானே’, ‘அன்றோ’ செருகுவது. இப்படி அசைச்சொல்லைச் செருகத் தோன்றினால் எதுகைச் சொல்லையே மாற்று. நீதி சொல்லி முடிக்கிற நோயும் உண்டு, அதற்கு மருந்து என்னிடம் இல்லை.

‘நான் புதுக்கவிதைக்காரன்’ என்பாய். தாராளமாக இரு. வெண்பாவாகக் கட்டிவிட்டு மறுநாள் உடைத்து எழுது, கிடைத்த திண்ணை எங்கும் போகாது. தளையில் சந்தேகம் வந்தால் அவலோகிதம் என்ற மென்பொருள் இணையத்தில் இருக்கிறது, அசை, சீர் பிரித்து அலகிட்டுக் காட்டும். எழுதி முடித்த பிறகு மட்டும் அதைத் திற.

ஈற்றடி வேண்டுமென்றால் தொழில் நடக்கும் இடத்துக்குப் போ. பத்தமடையில் பாய்க்கு நெடுக்கே ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடு கோரைப்புல். அந்தக் கோரையை ஆற்றில் ஊறப்போடுவார்கள். ‘கோரை நனைகின்ற ஆறு’ என்பதை இந்த வாரம் வைத்துக்கொள். இதற்கும் முன்சீர் மாவாக இருக்கக் கூடாது. எதுகைக்கு ரகர வருக்கம் போதும்: தேரி (செம்மணல் மேடு), மாரி, சாரல். சாரலில் மட்டும் தொடங்கிவிடாதே, திருநெல்வேலிக்காரன் அத்தனை பேரும் அங்கேதான் போவான்.