நின்ற டாங்கி 12 நொடியில் மறைகிறதா? டைம்அவுட்டைப் பாருங்கள்

நெட்வொர்க்கில் இணைத்த ராணுவப் பயிற்சி சிமுலேட்டர்களில் வரும் சிக்கல் இது. வரைபடமும் 3டி மாடலும் சரிதான், அவற்றைத் தொட வேண்டாம். நிற்கும் டாங்கி 12 நொடியில் மறைந்து, நகர்ந்ததும் மீண்டும் தோன்றுகிறது என்றால் ஹார்ட்பீட் (மாற்றம் இல்லாவிட்டாலும் ‘இருக்கிறேன்’ என்று சீரான இடைவெளியில் போகும் பாக்கெட்) இரு பக்கமும் பொருந்தவில்லை.

டிஐஎஸ் (சிமுலேட்டர்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் நெறிமுறை) முறையில், கணித்த இடத்திலிருந்து டாங்கி குறிப்பிட்ட அளவு விலகினால்தான் புதிய பாக்கெட் போகும். நிற்கும்போது ஹார்ட்பீட் மட்டுமே. வழக்கமான அளவு 5 நொடி. பெறும் பக்கம் அதன் 2.4 மடங்கு, அதாவது 12 நொடி, பார்த்துவிட்டு நீக்கிவிடும். அனுப்பும் சிமுலேட்டரில் யாரோ 60 நொடி வைத்திருப்பார்கள்.

சோதிக்க: பெறும் கணினியில் வயர்ஷார்க் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் காட்டும் மென்பொருள்) திறந்து, உங்கள் டிஐஎஸ் யூடிபி போர்ட்டை (பெரும்பாலும் 3000) வடிகட்டுங்கள். டாங்கியை இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்தி, அதே என்டிட்டி ஐடியின் (அந்த டாங்கியின் அடையாள எண்) அடுத்தடுத்த இரண்டு என்டிட்டி ஸ்டேட் பாக்கெட்டுகளுக்கு (அதன் நிலையைச் சொல்பவை) இடைவெளி பாருங்கள். 12-ஐத் தாண்டினால் அனுப்பும் பக்கத்தை 5 ஆக்குங்கள். அனுப்பும் பக்கம் 5-தான், ஆனாலும் இங்கே இடைவெளி 12-ஐத் தாண்டுகிறது என்றால் பாக்கெட் வழியில் தொலைகிறது, சுவிட்சைப் பாருங்கள்.

பெறும் பக்க டைம்அவுட்டை 144 நொடியாக (60-இன் 2.4 மடங்கு) உயர்த்தியும் சமாளிக்கலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன்: ஒரு சிமுலேட்டர் செயலிழந்தால் அதன் டாங்கிகள் இரண்டு நிமிடத்துக்கு மேல் திரையிலேயே நிற்கும், பயிற்சி பெறுபவர் இல்லாத இலக்கைச் சுட்டுக்கொண்டிருப்பார்.